சாமி பெயரில் ஒரு பாஸ்வேர்டு

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து முத்துச்செல்வி என்ற பெண் போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர்களை மாற்றுகிறார்களாம், பழைய விதிகளையும் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு நான் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அவள் சொன்னதும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை அரை நிமிடம் நீடித்தது.

"மேடம், கேக்கேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க. எட்டு எழுத்து இருக்கணும், நம்பர் கலந்து வரணும், அடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது, இதெல்லாம் சரி. மூணாவதா சாமி பேரு வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. அது எதுக்கு மேடம்?"

"யாரும்மா கேக்கா, நீயா?"

"நான் இல்ல மேடம். இங்கன சில பேரு பேசிக்கிடுதாங்க. மேடம் வேதக்காரங்க, அதான் நம்ம சாமி பேரை வைக்கக் கூடாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்கன்னு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வைத்துவிடு என்று சொல்லி நானே போனை வைத்தேன். பிறகு சமையலறையில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே யோசித்தேன். அந்தப் பிள்ளைமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? தாளின் அடியில் கிரேஸ் என்று என் கிறிஸ்தவப் பெயரில் கையெழுத்து இருக்கிறது. பார்க்கிறவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். போன ஐப்பசியில் அவர் காலமானார். இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு தனியார் கல்லூரி அது; பெயர் வேண்டாம். தேர்வும் மதிப்பெண்ணும் சான்றிதழும் எல்லாம் நாங்களே நடத்திக்கொள்ள வேண்டிய கல்லூரி. தேர்வுப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது, பிரிவில் இளையவள் என்பதாலும், தொட்டால் ஷாக் அடிக்கும் என்று மற்றவர்கள் பயந்ததாலும், சென்னையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே கற்றதில் பாதி புரியவில்லை. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு பணிக்காலம் முழுவதையும் ஓட்டினேன்.

கம்ப்யூட்டருக்காக ஓர் அறையை அடைத்து ஏ.சி. போட்டார்கள். நாங்கள் அதைக் குளிர் ரூம் என்போம். செருப்பை வெளியே கழற்ற வேண்டும், உள்ளே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இந்தச் சட்டமெல்லாம் போட்டவர் எங்கள் கண்காணிப்பாளர் சங்கரநயினார் சார். நெற்றி நிறையத் திருநீறு, ஏ.சி.க்காக ஒரு கையில்லாத ஸ்வெட்டர். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சைக்கிளில் வரும் ஒரே மனிதர் அவர்தான். சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒருவரையும் குரல் உயர்த்தித் திட்டியும் பார்த்ததில்லை.

அவருடைய வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். பேராசிரியர்கள் கையால் எழுதிய மதிப்பெண் தாளைப் பார்த்து நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். ஏற்றியதை அச்சிட்டு எடுத்த பிறகு வாசிப்பு நடக்கும். ஒருவர் அச்சிட்டதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே சார் மூலத் தாளை வைத்துக்கொண்டு பச்சை மையால் ஒவ்வொன்றாக டிக் போடுவார். முடிந்ததும் தாளை மாற்றிக்கொண்டு அவர் வாசிப்பார், நாங்கள் டிக் போட வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அவரிடமிருந்து ஒரு "ம்" வரும். அந்த "ம்" வராமல் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. நான் வேகமாக வாசித்தால், "பைய, எம்மா, பைய. மார்க்கு எங்கயும் ஓடிராது" என்பார். ஒரு பிள்ளை ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய எண் நம் கண் அசந்து மாறிவிட்டால் அது களவுக்குச் சமம் என்பது அவர் கட்சி.

வாசிப்பு முடிந்ததும் அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் பூட்டிவிடுவோம். பூட்டிய பிறகு என்னாலோ மற்ற ஊழியர்களாலோ ஓர் எண்ணையும் தொட முடியாது. திருத்தும் உரிமை ஒரே ஒரு கணக்குக்குத்தான் உண்டு. அது சாருடைய கணக்கு. அதில் நுழைய அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எந்த நேரத்தில் எது மாறியது என்று கம்ப்யூட்டர் தானாகக் குறித்து வைத்துக்கொள்ளும்.

பாஸ்வேர்டு என்றால் என்னவென்று அன்றைக்கு எங்கள் பிரிவில் யாருக்கும் தெரியாது. யாரும் ஊகிக்க முடியாத ஒரு சொல்லாக வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் பயபக்தியோடு யோசித்து, ஒருவர் பார்க்காமல் ஒருவர் கையால் மறைத்துத் தட்டி வைத்தார்கள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். சரியாகப் பங்குனி மாதம் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் சீமையில் ஒவ்வொரு குடும்பமும் அதனதன் சாஸ்தா கோயிலுக்குப் போகும். வயலுக்கு நடுவிலும் மலை அடிவாரத்திலும் குளத்தங்கரையிலும் இருக்கிற கோயில்கள். மும்பையில் இருப்பவன்கூட அன்றைக்கு வந்து நிற்பான். பொங்கல் வைத்து, பங்காளிகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு விடுப்பு கேட்டு எழுதும்போது, 'எங்கள் குலதெய்வமான இன்ன சாஸ்தா கோயிலுக்குச் செல்ல வேண்டியிருப்பதால்' என்று சாமி பெயரோடுதான் எழுதுவார்கள். அப்படி எழுதினால் எந்த முதல்வரும் மறுக்க மாட்டார். அன்றைக்கு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள மிஞ்சுகிற ஆள் நான் ஒருத்திதான். பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாகக் கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது.

விடுப்பு விண்ணப்பங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் எல்லோரும் வந்ததும் சாரிடம் போய், "சார், நம்ம ஆபீஸ்ல பாஸ்வேர்டு எல்லாம் எனக்குத் தெரியும்னு நினைக்கேன்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். லீவ் லெட்டர்ல எழுதிக் கொடுத்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரிவில் இருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். "எங்க, என்னோடதத் திறங்க பாப்போம்" என்றார். அவர் கேட்டுத்தான் செய்தேன். மருதடி சாஸ்தா என்பது அவருடைய குலதெய்வம். சேரன்மகாதேவிக்கு அப்பால் வயல் நடுவே ஒரு மருத மரத்தடியில் இருக்கிறது. மருதடி என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். திறந்துகொண்டது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதிகமாகச் சிரித்தவர் வேலாயுதம். சாருக்குச் சித்தப்பா மகன்; தம்பி முறை. இதே பிரிவில் உதவியாளர். வீட்டில் "அண்ணன்" என்பவர், அலுவலகத்தில் மறக்காமல் "சார்" போடுவார். கலகலப்பான மனிதர். மற்றவர்கள் சாரிடம் கேட்கப் பயப்படுவதை இவர் மூலம்தான் கேட்பார்கள். "அப்ப உங்க பாஸ்வேர்டு யோவான் மூணு பதினாறுதானே?" என்று பைபிள் வசனத்தைச் சொல்லி என்னைச் சீண்டினார்.

இல்லை. என் வழி வேறு. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதன் முதல் எழுத்துகளைக் கோத்து நடுவில் எண்ணைப் போட்டுவிடுவேன். 'என் மாமியார் ஊருக்குக் கிளம்ப இன்னும் 4 நாள் இருக்கிறது' என்பது அப்போது என் வாக்கியம். அதை எந்த விண்ணப்பத்திலும் யாரும் படிக்க முடியாது. இந்த வித்தையை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சிலர் மாற்றினார்கள்.

சார் மாற்றவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, "சார், திருத்துற உரிமை உள்ள கணக்கு. நீங்கதான் முதல்ல மாத்தணும்" என்றேன்.

"சாமி பேரை வச்சுட்டு இப்ப எடுக்கச் சொல்லுதியளா? நீ காவல் காத்தது போதும், இறங்குன்னு சொல்லுத மாதிரியில்ல இருக்கு."

"அப்படி இல்ல சார்..."

"இந்த ஆபீஸ்ல யாரும்மா அதைத் தொடப்போறா? எல்லாம் நம்ம ஆளுகதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பின்னால ஒரு ஒண்ணு போட்டுக்கிடுதேன்" என்றார். அதுதான் அவர் எனக்காக இறங்கி வந்த தூரம். ஒன்று சேர்ப்பதும் ஒன்றும் சேர்க்காததும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

உத்திரத்துக்கு மறுநாள் அவர் எனக்கு ஒரு வாழையிலைப் பொட்டலம் கொண்டுவருவது வழக்கம். சாஸ்தாவுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கல். படைத்ததை நாங்கள் சாப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு. என் அம்மாவுக்குத் தெரிந்தால் மூன்று நாள் ஜெபம் நடக்கும். ஆனால் எனக்கு அந்தப் பொங்கல் பிடிக்கும். கூடவே, ஊரே சாமி கும்பிடப் போயிருக்கும்போது ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாளே என்று ஒரு மனிதர் நினைத்துக் கொண்டுவருவதை வேண்டாம் என்று தள்ளும் தைரியம் எனக்கில்லை. கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிடுவேன். ஒருமுறை வாய் சும்மா இராமல், "நல்லாருக்கு சார், சூடா இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் "ம்" என்றார். வாசிப்பில் சொல்கிற அதே "ம்".

அடுத்த உத்திரத்தன்று மதியம் அலுவலகத்தில் நானும் வாசலில் காவலாளியும் மட்டும். காவலாளியும் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்கூட்டரில் வேலாயுதம் வந்து இறங்கினார். கையில் வாழையிலைப் பொட்டலம். தொட முடியாத சூடு.

"எம்மா, உங்களுக்குத்தான். கோயில்லயிருந்து நேரே வாரேன். ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

"நீங்க எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம்?"

"இருக்கட்டும். நீங்க பைய சாப்பிடுங்க, நான் இங்கன குளிர்ல கொஞ்சம் உக்காந்திருக்கேன். வெயிலு மண்டையப் பொளக்கு."

குளிர் ரூமில் சாப்பிடக் கூடாது என்பது சாருடைய சட்டம். என் கணக்கை மூடிவிட்டு, பொட்டலத்தோடு பின்பக்க வேப்பமரத்தடிக்குப் போனேன். நெய்யும் ஏலமுமாக அவ்வளவு மணம். மெதுவாகத்தான் சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு திரும்பியபோது வேலாயுதம் கிளம்பத் தயாராக நின்றார். இலையைக் குப்பையில் போட்டேன். சாட்சி என்று சொல்ல மிஞ்சியிருந்ததும் அதோடு போயிற்று.

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அச்சிடுவதற்கு முன்னால் பழைய பருவங்களையும் சேர்த்து இன்னொரு முறை வாசித்துவிடலாம் என்று சார் அந்த வருடம்தான் புதிதாகச் சொன்னார். நான் வாசித்துக்கொண்டு போனேன். ஒரு பையனின் பெயரைச் சொல்லி, "நாற்பத்தொண்ணு" என்றேன். "ம்" வரவில்லை.

"திரும்ப வாசிங்க."

"நாற்பத்தொண்ணு, சார்."

மூலத் தாளில் இருபத்தொன்பது. தேறுவதற்கு நாற்பது வேண்டும். அந்த ஒரு தாளில் தவறியதால் அந்தப் பையனுக்குப் பட்டம் கிடைக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் கிடைத்திருந்தது. எப்போது மாறியது என்று எடுக்கச் சொன்னார். அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு வரியைத் துப்பியது. அவரே கிழித்துப் படித்தார். பங்குனி உத்திரம், மதியம். திருத்திய கணக்கு: சங்கரநயினார்.

"அன்னைக்கு நான் கோயில்ல இருந்தேன்" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு அந்தத் தாளை மடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், நேரே முதல்வர் அறைக்குப் போனார். மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். அவரும் நானும் தவிர ஒருவரும் அறியார். அவருக்கு அது தோன்றவே இல்லை.

விசாரணைக்கு மூன்று பேர்: முதல்வர், கல்லூரிச் செயலாளர், எங்கள் சர்ச் சபையில் பொறுப்பில் இருந்த ஒரு பேராசிரியர். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சார் கோயிலில் இருந்ததற்கு ஊரே சாட்சி. அலுவலகத்தில் இருந்தவள் நான் ஒருத்தி. அவருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் என்று நானே எல்லோர் முன்னாலும் திறந்து காட்டியிருக்கிறேன். பாதுகாப்பாக இருங்கள் என்று சொல்வதற்காகச் செய்த காரியம் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. என் கணவருக்கு அப்போது வேலையில்லை. ஆலை மூடிக் கிடந்தது. இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதைவிட, மார்க்கைத் திருத்தியவள் என்ற பேரோடு பாளையங்கோட்டைத் தெருவில் எப்படி நடப்பேன்?

வேலாயுதம் வந்ததைச் சொன்னேன். அவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் அவருடைய மச்சினன் மகன் என்பதும் அதற்குள் தெரிந்துபோயிற்று. அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நான் காலையிலயிருந்து சாயங்காலம் வரைக்கும் கோயில்லதான் சார் இருந்தேன். எங்க பங்காளிக யாரை வேணும்னாலும் கேளுங்க. இந்தம்மாவுக்குப் பொங்கல் கொண்டு வந்தேன்னு சொல்லுதாங்க. அவங்க வேதக்காரங்க. படைச்சதைத் தொட மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். நான் எதுக்குக் கொண்டு வரணும்?"

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா, சிஸ்டர்?"

"சாப்பிட்டேன் சார்."

"படைச்சதுன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான் சார். வருஷா வருஷம் சாப்பிடுதேன்."

அவர் முகம் சுருங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதற்கும் இது தெரிந்திருக்கும் என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனால் நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்பதும் தெரிந்தது. தப்பிக்கப் பார்க்கிறவள் எதையும் சொல்வாள் அல்லவா? செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கடைசியாகச் சங்கரநயினாரைக் கேட்டுவிடலாம் என்றார்.

சார் வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. முதல்வர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உத்திரத்தன்னைக்கு வேலாயுதம் நாள் பூரா கோயில்ல இருந்தாரா?"

அந்தக் கேள்வியின் எடை அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தான் என்றால் நான் வெளியே. இல்லை என்றால் தம்பி வெளியே. கோயிலில் ஒரே பங்காளிக் கூட்டம். தெரியாது, கூட்டத்தில் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. வேலாயுதம் தலையைத் தூக்கி, "அண்ணே" என்றார். அலுவலகத்தில் ஒருநாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சார் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வாசிப்பில் எண்களைச் சொல்வதைப்போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இல்ல. பொங்கல் இறக்கினதும் மத்தியானம் கிளம்பிட்டான். நான்தான் அனுப்பி வச்சேன். இந்தம்மா தனியா உக்காந்திருப்பாங்க, ஆறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுடான்னு நான்தான் இலையில கட்டிக் குடுத்தேன். அவங்க சாப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் நான்தான் குடுக்கேன்."

வேலாயுதம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பையனுக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது, மச்சினன் காலில் விழுந்து கேட்டான், ஒரு தாள்தானே என்று நினைத்துவிட்டேன் என்றார். பாஸ்வேர்டைச் சார் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஒரே சாமி. பின்னால் ஒரு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

வேலாயுதத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். கணக்கைப் பாதுகாக்கத் தவறியதாகச் சாருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளும் ஸ்வெட்டரோடு வந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சபையில் சில மாதம் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அதே குளிர் ரூமில் இருந்தேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். அன்று அவர் தெரியாது என்று சொல்லியிருந்தாலும் நான் புரிந்துகொண்டிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். அன்று புரிந்துகொண்டிருக்க மாட்டேன். சாகும்வரை அவரைச் சபித்திருப்பேன்.

அவருக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று. அவராகச் சொல்கிற ஆள் இல்லையே. அடுத்த பங்குனி வந்தது. விடுப்பு விண்ணப்பங்கள் வந்தன, சாருடையது இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, "சார், உங்க லீவ் லெட்டர்?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் என்கிட்ட வரி வாங்க வரல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். கோயில் செலவுக்கு ஒவ்வொரு பங்காளி வீட்டிலும் வரி வசூலிப்பார்களாம். வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கோயிலில் உரிமை. ஒரு வீட்டில் வரி வாங்கவில்லை என்றால் அந்த வீட்டை விலக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். தம்பியைக் காட்டிக் கொடுத்து அவன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவனுக்குச் சாமி முன்னால் இடமில்லை என்று பேசி முடித்துவிட்டார்களாம். இவரே பணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கையை நீட்ட ஆளில்லை.

"நான் வேணும்னா வந்து பேசட்டுமா சார்? நடந்ததச் சொல்லுதேன்."

"நீங்க வந்து என்ன சொல்லுவிய? நடந்தது அவங்களுக்குத் தெரியாமலா? தெரிஞ்சுதான் விலக்கியிருக்காங்க."

நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கதவைச் சாத்தியிருப்பார்கள், சாத்தட்டும். என்னால் ஒரு மனிதர் தன் சாமியை இழந்திருக்கிறார். நான் போய் அந்த வாசலில் நின்றிருக்க வேண்டும். அவர் கடைசிவரை அந்தக் கோயிலுக்குப் போகவே இல்லை. போன ஐப்பசியில் துக்கத்துக்கு அவர் வீட்டுக்குப் போனபோது வேலாயுதம் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவும் எதற்கு என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது.

முத்துச்செல்வி கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாரிடம் வரி வாங்காத அந்த வருடப் பங்குனி உத்திரத்தன்று குளிர் ரூமில் நான் தனியாக இல்லை. சார் வந்திருந்தார். வந்ததும் தன் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு விரலால் வெகுநேரம் தட்டினார். அது என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெறும் வரை யாருக்கும் தெரியாது. பிறகு, "பாஸ்வேர்டுக்கு விதி எழுதணும்னு ரொம்ப நாளா சொல்லுதியள்லா, தட்டுங்க" என்று தொடங்கி, தானே சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். எட்டு எழுத்து என்றார், எண் கலக்கட்டும் என்றார். மூன்றாவதற்குக் கொஞ்சம் நிறுத்தினார்.

"சாமி பேரு வைக்கக் கூடாதுன்னு போடுங்க."

நான் தட்டாமல் அவரைப் பார்த்தேன்.

"களவாங்கத் தொறந்து குடுத்த சாவியாப் போச்சு சாமி பேரு. அந்தப் பழி சாமிக்கு இனிமே வரக் கூடாது. போடுங்க."

தட்டினேன். அச்சிட்டுக் கொடுத்து, "கையெழுத்து, சார்" என்றேன்.

"நீங்க போடுங்க. நான் எழுதினேன்னு தெரிஞ்சா, கோயில்ல சேக்கலன்னு சாமிய வையுதான்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். உங்கள யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

போட்டேன். அந்தக் கையெழுத்துதான் இன்றைக்கும் சுவரில் இருக்கிறது.

மதியம் சாப்பாட்டு வேளையில் இருவரும் பின்பக்க வேப்பமரத்தடிக்குப் போனோம். அவர் தன் டப்பாவைத் திறந்தார். தயிர்சாதமும் ஒரு நார்த்தங்காய்த் துண்டும். உத்திரத்தன்று அவர் வீட்டில் கோயில் பொங்கலைத் தவிர வேறு எதையும் அடுப்பில் ஏற்றியதில்லை என்று எனக்குத் தெரியும். பாதியை என் டப்பா மூடியில் வைத்தார். இருவரும் சாப்பிட்டோம். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"போன வருஷம் அனுப்பினேனே எம்மா, சூடா வந்துச்சா?"

"வந்துச்சு சார். கை பொறுக்காத சூடு."

"ம்" என்றார்.